வாளையாறு தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

கோவை உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால் கேரள எல்லையான வாளையாறு தாண்டியதும் வருவது கஞ்சிக்கோடு. கேரளத்தில் கொச்சி வட்டாரத்துக்கு அடுத்தபடியாகத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் என்று இதைத்தான் சொல்வார்கள். 1970களில் மத்திய அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆலையும் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. ஆலையும் வந்தன. அப்புறம் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்கள், 2010இல் கனரக வாகனங்கள் செய்யும் பெமல் (BEML) ஆலை, 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யின் நிரந்தர வளாகம் என்று ஊர் விரிந்துகொண்டே போகிறது. இந்த ஆலைகளிலும் பாலக்காட்டு மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் தமிழ்நாட்டிலிருந்து போய் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கூலி வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி ஓரளவுக்குப் பேசப்பட்டிருக்கிறது. டிப்ளமோ, பி.இ., நர்சிங் என்று படித்து, கையில் ஒரு தொழிலோடு எல்லை தாண்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டும், தாலுகா ஆபீசில் மலையாளம் என்று வளர்ந்தோம். அதனால் இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகள் வாடகை வீடு கேட்டும், கேஸ் சிலிண்டருக்கு வழி கேட்டும் எங்களிடம் வந்துபோவார்கள். முதல் மாதத்தில் அநேகமாக எல்லோரும் சொல்வது, “மலையாளம் ஈஸிதாங்க, பேசினா புரியுது.” ஆறாவது மாதத்தில் பேச்சு மாறியிருக்கும். “வேலையெல்லாம் ஓகேங்க, ஆனா செட் ஆகல.” எது செட் ஆகவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சம்பளம் நேரத்துக்கு வருகிறது, மெஷின் ஓடுகிறது, யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் சிலர் பேப்பர் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் தங்கிவிடுகிறார்கள், ஆனால் வருடங்கள் போனாலும் சேர்ந்த அதே நாற்காலியிலேயே இருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போகிறார்கள்.

இதற்கு முதல் காரணம் தூரம் குறைவாக இருப்பதுதான் என்பது என் எண்ணம். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணை மாதக்கணக்கில் தயார்செய்து அனுப்புகிறோம். பாலக்காட்டுக்குப் போகிற பெண்ணை ஒரு பெட்டியும் ஊறுகாய் பாட்டிலும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அனுப்புகிற வீடு, எடுக்கிற நிறுவனம், போகிறவர் என மூன்று தரப்புமே ‘பக்கத்து ஊர்தானே’ என்று நினைத்துக்கொள்வதால், இங்கே ஒரு உதவி தேவைப்படுகிறது என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை. தேவை இருப்பது தெரியாததால், சிரமம் வரும்போது அதைத் தன் குறை என்றோ எதிராளியின் கெட்ட எண்ணம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்து மணி டீ

ஒரு ஃபர்னஸ் ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு வந்த பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வேலையில் கெட்டிக்காரர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அந்த ஆலையில் பத்து மணிக்கு டீ. கேன்டீன் பெஞ்சில் எட்டுப் பத்துப் பேர், பருப்பு வடை, கட்டன் சாயா. பேச்சு சட்டசபையில் தொடங்கும், அர்ஜென்டினாவா பிரேசிலா என்று திரும்பும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் போவது என்பதில் முடியும். இவர் டீயைக் குடித்துக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் மெஷின் பக்கம் போய்விடுவார். முன்பு வேலை பார்த்த கோவைப் பட்டறையில் அப்படித்தான் நல்ல பெயர் எடுத்திருந்தார். முதலாளி வரும்போது டீ கிளாஸோடு நிற்கக்கூடாது என்பது அங்கே சொல்லாமலே தெரிந்த சட்டம்.

இங்கே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டது வேறு: “ஆளு கொள்ளாம், பட்சே ஆரோடும் மிண்டில்ல.” ஆள் நல்லவன்தான், ஆனால் யாரோடும் பேசமாட்டான் என்று. அதில் பகை இல்லை. ஆனால் விளைவு இருந்தது. அடுத்த மாத ஷட்டவுனில் யார் எந்தக் குழுவில், எந்த ஸ்பேர் தாமதமாக வரும், எந்த கான்ட்ராக்டர் சொன்ன தேதியில் வரமாட்டார் என்பதெல்லாம் அந்த டீ பெஞ்சில் பாதி முடிவாகிவிடும். பதினொரு மணி மீட்டிங்கில் அது முறைப்படி சொல்லப்படும், அவ்வளவுதான். இவருக்கு எல்லாமே முடிந்தபின் தெரியவந்தது. ‘தமிழன் என்பதால் என்னிடம் மறைக்கிறார்கள்’ என்று நினைத்தார். அவர்களோ ‘இவனுக்கு நம்ம விஷயத்தில் அக்கறை இல்லை’ என்று நினைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் கையில் சாட்சி இருந்தது. இரண்டுமே தப்பு.

கடைசியில் ஒரு வயதான ஃபிட்டர்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். “மோனே, சாயா குடிச்சிட்டு பத்து மினிட் இரிக்கு. பணி ஓடிப்போவில்ல.” வேலை எங்கேயும் ஓடிப்போகாது, பத்து நிமிடம் உட்கார் என்று. அந்த ஃபிட்டர் மட்டும் இல்லையென்றால் இவரும் பேப்பர் போட்டிருப்பார். ஒரு நல்ல மனிதர் தற்செயலாகப் பக்கத்து மெஷினில் இருந்ததால் ஒருவர் தப்பினார் என்பது எனக்கு நிம்மதி தரவில்லை. இதை நிறுவனம் செய்திருக்க வேண்டும்.

குரல் ஏறுவதும் இறங்குவதும்

ஜான் கம்பெர்ஸ் என்ற மொழியியலாளர் 1970களில் பிரிட்டனில் செய்த ஒரு ஆய்வு, வேலையிடப் பேச்சைப் பற்றிய துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் கேன்டீனில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் பரிமாறும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று புகார். அவர்கள் அதிகம் பேசவும் இல்லை. தட்டில் இறைச்சி வைத்ததும் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் ஊழியர்கள் ‘கிரேவி?’ என்று குரலை ஏற்றிக் கேட்பார்கள். இந்தப் பெண்கள் அதே வார்த்தையைக் குரல் இறக்கிச் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சாதாரணமாகக் கேட்கும் முறை. கேட்டவர்களுக்கோ ‘இது குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. பேச்சை ஒலிப்பதிவு செய்து, பரிமாறிய பெண்களையும் மேலாளர்களையும் கேட்கவைத்தபோதுதான் இரண்டு பக்கமும் விஷயம் உறைத்தது. பல நாளாக ‘நம் மீது வெறுப்பு’ என்று அந்தப் பெண்கள் நினைத்திருந்ததில் ஒரு பங்கு இப்படி வந்தது என்று தெரிந்தது.

நம் எல்லையில் இதே கதை இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. கொங்குத் தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வாங்க, சொல்லுங்க, செஞ்சிருங்க. கோவைக்காரர் ‘ங்க’ இல்லாமல் பேசினால் ஒன்று நெருங்கிய சிநேகிதம், இல்லை கோபம். மலையாளத்தில் வினைச்சொல் ஆளுக்குத் தகுந்தபடி மாறாது. மேனேஜர் வந்தாலும் ‘வந்நு’, செக்யூரிட்டி வந்தாலும் ‘வந்நு’. மரியாதை என்பது கூப்பிடும் முறையிலும் குரலிலும் இருக்கும். சேட்டா, சேச்சி, மாஷே, சார். இதை யாரும் சொல்லித்தராததால், புதிதாக வந்த தமிழ் இன்ஜினியருக்கு ஜூனியர் ஆபரேட்டர் மட்டுமரியாதை இல்லாமல் பேசுவதுபோல் தோன்றும். அவர் திருப்பி விறைப்பாகப் பேசுவார். ஆபரேட்டருக்கு, ‘வந்தவன் அதிகாரம் காட்டுகிறான்.’ ஒரு வாரத்தில் பேச்சு ‘எஸ் சார், நோ சார்’ அளவில் நின்றுபோகும்.

தொலைதூர மொழி என்றால் புரியவில்லை என்பது உடனே தெரியும், நிறுத்திக் கேட்போம். தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். சொன்ன செய்தி புரிந்திருக்கும், சொன்ன விதம் புரிந்திருக்காது. வேலையிடத்தில் உறவு கெடுவது பெரும்பாலும் இரண்டாவதால்தான்.

கட்டளையும் காரணமும் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோவையின் பம்ப், வார்ப்படப் பட்டறைகள் பலவும் குடும்பத் தொழில்களாக வளர்ந்தவை. முதலாளி தினமும் ஷாப் ஃப்ளோரில் நடப்பார். அவர் சொன்னால் நடக்கும், கேள்வி வராது. ஓவர்டைம் என்றால் கண்ணசைத்தால் போதும். கஞ்சிக்கோட்டில் கேட்டுக்கு வெளியே சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ். தொழிற்சங்கக் கொடிகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஆபரேட்டர் ‘எந்தினா?’ என்று கேட்பார். எதற்காக இந்த வேலையை இன்றே முடிக்க வேண்டும்? எதற்காக என் ஷிப்டை மாற்றுகிறீர்கள்? தமிழ்நாட்டிலிருந்து போன சூப்பர்வைசருக்கு இது எதிர்ப்பாகத் தெரிகிறது. அங்கே அது வேலையின் ஒரு பகுதி. காரணத்தைச் சொன்னால், பல நேரம் அதே ஆபரேட்டர் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்று முடித்துக்கொடுப்பார். மலையாளத் தொழிலாளி வேலை செய்யமாட்டார், யூனியன்தான் பேசும் என்று கேட்ட கதைகளை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள், அந்தக் காரணத்தைச் சொல்லிப் பார்ப்பதற்கே முயல்வதில்லை. தூக்காத சுமைக்குக் கூலி கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசே 2018 மே 1 முதல் தடைசெய்துவிட்டது. நம் ஊர் டீக்கடையில் அந்தக் கதை இன்னும் நேற்று நடந்ததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோவை மருத்துவமனைகளில் பணிபுரியும் கேரள நர்ஸ்கள் ‘டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறார்கள்’ என்று வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வெளியே என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் ஹோம்ஸ் தலைமையில் 1996இல் வேலையிட மொழி பற்றிய ஒரு திட்டம் தொடங்கியது. அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உண்மையாக நடக்கும் பேச்சை, வேலை செய்பவர்களே ஒலிப்பதிவு செய்து கொடுத்தார்கள். அதில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. வேலையை நடத்தும் பேச்சு ஒரு பக்கம் என்றால், உறவை நடத்தும் பேச்சு இன்னொரு பக்கம்: நலம் விசாரிப்பு, வானிலை, சனி ஞாயிறு என்ன செய்தாய், சின்னக் கேலி. வீண்பேச்சு என்று நாம் ஒதுக்கும் இதுதான் குழுவைச் சேர்த்துக் கட்டுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த படித்த, அனுபவமுள்ள ஆட்கள் தடுக்கி விழுவது தொழில் சொற்களில் அல்ல, பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான். யாரிடம் எவ்வளவு பேசலாம், மேலதிகாரி சொன்னதை எப்படி மறுக்கலாம், முடியாது என்பதை எப்படிச் சொல்லலாம் என்பவை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தரப்படாதவை.

அந்தக் குழு புலம்பெயர்ந்த தொழில்வல்லுநர்களுக்கான பயிற்சியையும் அங்கே உருவாக்கியது. சில வாரங்கள் வகுப்பு, அப்புறம் சில வாரங்கள் உண்மையான ஒரு அலுவலகத்தில் வேலை. பதிவுசெய்த அசல் உரையாடல்களை வைத்தே பாடம் நடக்கும். ‘நீ தப்பாகப் பேசுகிறாய்’ என்று திருத்துவது நோக்கமில்லை. இந்த இடத்தில் இப்படிப் பேசினால் இப்படி எடுத்துக்கொள்வார்கள், எதைத் தேர்ந்தெடுப்பது உன் விருப்பம் என்று கண்ணைத் திறந்துவிடுவது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். வந்தவரைக் குறையுள்ளவராகப் பார்க்காமல், இன்னொரு முறையையும் தெரிந்துகொள்ளும் திறமைசாலியாகப் பார்க்கிறார்கள்.

வேறொரு பண்பாட்டுக்குள் போய் வாழ்கிறவர்கள் எடுக்கும் நான்கு வழிகளைக் கனடாவின் உளவியலாளர் ஜான் பெரி பிரித்துக் காட்டியிருக்கிறார். தன் பண்பாட்டை விட்டுவிட்டுப் புதியதில் கரைந்துபோவது, புதியதைத் தொடாமல் தன் ஆட்களோடேயே இருந்துகொள்வது, இரண்டும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பது, இரண்டையும் வைத்துக்கொள்வது. மனநலனுக்கும் வாழ்க்கைக்கும் நல்லது பெரும்பாலும் கடைசி வழிதான் என்று அவர் வழி வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வந்தவர் மட்டும் விரும்பினால் அது நடக்காது, இடம் கொடுக்கிற சமூகமும் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் பெரி வலியுறுத்தினார். பாலக்காட்டில் அந்தரத்தில் நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆலையிலும் முழுதாக இல்லை, கோவையிலும் முழுதாக இல்லை.

தெரிந்த மாநிலம், தெரியாத இடைவெளி

புலம்பெயர்ந்து போகிறவரை எப்படித் தயார்செய்வது என்பது கேரளத்துக்குத் தெரியாத வித்தை இல்லை. ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையோடு வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான மாநில அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்ட ‘டிரிபிள் வின்’ திட்டத்தில், நர்ஸ்கள் கிளம்பும் முன்பே ஜெர்மன் மொழி படிக்கிறார்கள், அங்கே போய் இறங்கியபின்னும் துணைக்கு ஏற்பாடு உண்டு. வளைகுடாவுக்கு அரை நூற்றாண்டாக ஆள் அனுப்பிய மாநிலம் இது.

வருகிறவர்களுக்கும் கேரளம் செய்திருக்கிறது. வடமாநிலத் தொழிலாளர்களை ‘விருந்தினர் தொழிலாளி’ என்று அரசே அழைக்கிறது. 2017இல் மாநில எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூல் வைத்து அவர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. கஞ்சிக்கோட்டிலேயே 2019இல் ‘அப்னா கர்’ என்ற விடுதி திறக்கப்பட்டது, 620 பேர் தங்கலாம். இவை மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய வேலைகள்.

ஆனால் பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் டிப்ளமோக்காரர் இதில் எங்கே சேர்வார்? ‘அது லேபருக்கானது’ என்று அவரே போகமாட்டார். ‘தமிழருக்கு எதற்கு?’ என்று அதிகாரியும் கேட்பார். படித்தவர், பக்கத்து மாநிலத்தவர், பேச்சும் ஓரளவு வருகிறது. உதவித் திட்டங்களின் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் வெளியே நிற்கிறார்.

எழுத்து விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். எழுத்து வராது. ஷிப்ட் லாக் புக்கில் ‘வால்வ் மாற்றியாச்சு, ஆனால் கசிவு பார்க்கணும்’ என்று முந்தைய ஷிப்ட்காரர் மலையாளத்தில் எழுதிவைத்திருப்பார். புதியவர் பக்கத்தைப் புரட்டுவார், எண்களை மட்டும் பார்ப்பார், யாரையாவது கேட்கலாம் என்று நினைப்பார், ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்று விட்டுவிடுவார். பாதுகாப்பு எச்சரிக்கைப் பலகை, நோட்டீஸ் போர்டு எல்லாம் அவருக்குப் படம்தான். உருகிய இரும்பு ஓடுகிற இடத்தில் இது மனத்தாங்கலோடு நிற்கிற விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

ஆந்திர எல்லையைப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் புரியும். சென்னைக்கு வடக்கே, தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல உள்ளன. இசுசு வாகன ஆலை அங்கேதான். ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினியருக்கு மொழிபெயர்ப்பாளர், வீடு, சாப்பாடு என்று யோசித்துச் செய்கிறார்கள். நம் ஆட்களுக்கும் ஜப்பானிய வேலைமுறை சொல்லித்தரப்படுகிறது. செலவு செய்ய யாரும் தயங்குவதில்லை, ஏனென்றால் ஜப்பான் தூரம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே ஆலையில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துத் தமிழ் சூப்பர்வைசருக்கும் சத்தியவேடு, சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு ஆபரேட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டால், ‘அவங்க பழகிக்குவாங்க’ என்பதுதான் பதில்.

ஷிப்ட் முடிந்தபின்

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். அதனால் நிறையப் பேர் தினமும் வந்துபோகிறார்கள். இதுவும் ஒரு வகையில் வினையாகிறது. ஷிப்ட் முடிந்ததும் மெமு ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்க ஓட வேண்டும். சக ஊழியர் வீட்டுக் கல்யாணத் தலைநாள், வாலிபால் ஆட்டம், ஊர் வாயனசாலையின் (படிப்பகத்தின்) கூட்டம், ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போட நள்ளிரவுவரை நடக்கும் வேலை எதிலும் அவர் இருக்கமாட்டார். ஓண விருந்தான சத்யா சாப்பிட மட்டும் வந்து உட்காருவார். விருந்தாளி மாதிரி. துபாய்க்குப் போனவருக்கு வேறு வழியில்லை, அங்கேயே நட்பு தேடித்தான் ஆக வேண்டும். இவருக்கு ஒவ்வொரு நாளும் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வாளையாறு செக்போஸ்ட் பாஸ் இல்லாமல் திறக்காது என்றானபோதுதான், தினசரி போய்வருகிறவர்களில் பலருக்கு இது வேறு மாநிலம் என்பதே உறைத்தது.

குடும்பத்தோடு குடிவந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதல் கவலை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. 2017 சட்டப்படி கேரளத்தில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயப் பாடம். 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. இவற்றையெல்லாம் சேர்ந்த அன்றே எச்.ஆர். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். மனைவிக்கோ கணவனுக்கோ ஊரில் பேச்சுத்துணை இல்லையென்றால், வேலைக்குப் போகிறவர் எவ்வளவு பொருந்தினாலும் குடும்பம் அவரை இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். எத்தனையோ ராஜினாமாக் கடிதங்களில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதப்படுவது இதைத்தான்.

பொங்கலையும் சொல்ல வேண்டும். தமிழர் கணிசமாக வாழும் பாலக்காடு, இடுக்கி, வயநாடு, திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை ஆகிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு தைப்பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறது. தனியார் ஆலைகளின் காலண்டரில் அது எப்போதும் இடம்பெறுவதில்லை. ஓணத்துக்குப் போனஸும் விடுமுறையும் இருக்க, பொங்கலுக்கு லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தால், அந்த ஆள் தன் இடம் எது என்று புரிந்துகொள்வார். யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

கேலி பற்றி வெளிப்படையாகவே பேசிவிடலாம். தமிழரைப் ‘பாண்டி’ என்று கூப்பிடுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. பாசமாகத்தான் சொல்கிறோம் என்பார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை, மலையாளிகளை நம்பக்கூடாது என்ற பழமொழிகளைக் குழந்தைகள் முன்னாலேயே சொல்கிறோம். கேலி நட்பின் அடையாளம் என்பது உண்மைதான், ஆனால் நட்பு முதலில் வந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் சிரித்துவைப்பார், உள்ளே ஒன்று சுருங்கும். அந்த நேரத்தில் ஃபோர்மேன் ஒருவர் ‘அது வேண்டா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பேச்சு அங்கே நின்றுபோகும். மேலே இருக்கிறவர்கள் வாய் திறப்பதுதான் கணக்கு.

ஒரு ஆலை என்னென்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. புதிதாக வருகிறவருக்குத் துணையாக, மேலதிகாரி அல்லாத ஒருவரை, அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்கிற ஒருவரை மூன்று மாதத்துக்கு நியமிக்கலாம். டீ பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் போடுவது, ‘அவன் சொன்னதற்கு அர்த்தம் இது’ என்று தனியே கூப்பிட்டுச் சொல்வது, முட்டாள்தனமான கேள்வி என்று புதியவர் நினைப்பதையெல்லாம் கேட்க வாய்ப்புக் கொடுப்பது. இதை வேலையாகவே எண்ணி, அவருடைய அப்ரைசலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நல்லவர்கள் தலையில் விழும் இலவச சேவையாகிவிடும். லாக் புக்கில் ஒரே ஒரு மாற்றம்: கசிவு, சூடு, மின்சாரம் மூன்றையும் பற்றிய குறிப்புகளை மலையாளத்தோடு ஆங்கிலத்திலும் எழுதுவது. டீ பெஞ்சில் பேசி முடிந்த விஷயத்தை மீட்டிங்கில் ‘இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, உங்க அபிப்பிராயம் என்ன?’ என்று வந்தவரிடம் நேராகவே கேட்பது.

புரொபேஷன் முடியும்போது மதிப்பீட்டுத் தாளில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று ஒரு வரி எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எது போதவில்லை? லாக் புக் படிக்க முடியவில்லையா, மறுத்துப் பேசத் தெரியவில்லையா, குரல் விறைப்பாக இருக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. எந்தக் குறை என்று சொல்லாமல் ஒரு வரி எழுதினால் அது நோயாளியைப் பார்க்காமல் எழுதிய சீட்டு.

போகிறவர்களும் சிலதைச் செய்யலாம். மலையாள எழுத்தை முதல் இரண்டு மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், தமிழ் தெரிந்தவருக்கு அது பெரிய மலை இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது கடைசி பஸ்ஸுக்குப் போங்கள். ‘எந்தினா?’ என்று கேட்டால் கோபப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள். பீஃப் ஃபிரையும் கஞ்சியும் ஒரே மேசையில் இருக்கும், உங்களுக்கு வேண்டாததைச் சாப்பிட வேண்டியதில்லை, முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தமிழ்க் கூட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். பொங்கலன்று ஆலைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோங்கள்.

கஞ்சிக்கோட்டில் தனித்தனி ஆலையாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம். சங்ஙாதிக்கு எழுதியதுபோல், இன்ஜினியர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஏற்ற ஒரு சின்னப் பாடத்திட்டம் போதும்: மலையாள எழுத்து, லாக் புக் வாசிப்பு, அப்புறம் பதிவுசெய்த அசல் உரையாடல்களைப் போட்டுக் கேட்டு விவாதிப்பது. பயிற்றுநருக்கு வெளியே தேட வேண்டாம். இரண்டு மொழியிலும் வளர்ந்தவர்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் எங்கும் இருக்கிறார்கள், அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஃபோர்மேன்களும் உண்டு. இரண்டு நிபந்தனைகளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வகுப்பு ஷிப்ட் நேரத்துக்குள் நடக்க வேண்டும், ஷிப்ட் முடிந்து வைத்தால் கோவை பஸ்ஸைப் பிடிக்கிறவர் வரவே மாட்டார். இன்னொன்று, வந்தவரோடு அவருடைய ஃபோர்மேனும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.